காய்ச்சக்காரனுக்குத் தண்ணீர்

சாப்பாட்டுச் சங்கு ஊத இன்னும் நேரமிருந்தது. நூல் நூற்கிற இரண்டு ரிங் பிரேம்களுக்கு நடுவிலிருந்த சந்தில் தங்கப்பொண்ணு நடந்துகொண்டே இருந்தாள். அறுந்த நூல் கண்ணில் பட்டதும் இடது கையால் கதிரை நிறுத்துவாள், வலது கையால் நுனியைப் பிடித்து ஒரு திருகு, ஒட்டிவிடும். ஒட்டிய கையோடு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவாள். தலைக்கு மேலே ஓடிய குழாய்களிலிருந்து ஆவி புஸ்ஸென்று இறங்கிக்கொண்டிருந்தது. புடவை உடம்போடு ஒட்டி, நடக்கும்போது காலைத் தடுத்தது. சந்தின் கோடியில் போய் நின்று ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

திருமங்கலம் ரோட்டில் இருந்த அந்த மில்லுக்குக் காகிதத்தில் வேறு பெயர். செங்கல் கட்டடம் என்பதால் ஊர்க்காரர்களுக்கு அது செவப்பு மில்தான். அங்கே வெள்ளைக்காரன் காலத்தில், முப்பதுகளில் வேலை பார்த்த பெண்களை வயதான பிறகு கேட்டாலும் முதலில் பூவைப் பற்றித்தான் பேசுவார்கள். காலையில் மொட்டாக வைத்துக்கொண்டு போன மல்லிகை அந்த ஆவியில் வெயில் ஏறுவதற்குள் விரிந்துவிடும், சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வரைக்கும் வாடாது. பஞ்சு நெடி, எண்ணெய் நெடி எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு அந்த வாசனை ஹால் முழுக்க நிற்கும். "எங்க மில்லுல பூ வாடாதுடி" என்று பேத்திமார்களிடம் பெருமை அடிக்கிறவர்கள் உண்டு. மயங்கி விழுந்த கதையெல்லாம் அப்புறம் நாமாகக் கிளறினால்தான் வரும்.

பங்குனி பிறந்துவிட்டால் மதுரைக் காற்றில் ஈரம் ஏது? காய்ந்த காற்றில் நூல் பொடுக்குப் பொடுக்கென்று அறும். அறாமல் இருக்கத்தான் ஆவி. நூலுக்கு நல்லது, ஆளுக்கு ஆகாது. ஆவியை நிறுத்தினால் ஓடி ஓடி ஒட்டவேண்டும், கால் போய்விடும். திறந்துவிட்டால் நூல் நிற்கும், மூச்சு போய்விடும். இரண்டில் எது தேவலை என்று அந்தப் பெண்களுக்குள்ளேயே தகராறு உண்டு.

தங்கப்பொண்ணுக்கு அதில் தகராறு இல்லை. திருப்பரங்குன்றம் மலைக்குப் பின்னாலிருந்த ஊரிலிருந்து விடியுமுன் நடந்து வருகிறவள். கலியாணமாகி வந்த பிறகு இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் கோடையில், இதே சந்தில் நிற்கும்போது கலைந்துபோயின. இப்போது மூன்றாவது. நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய புருஷன் முத்திருளன் கல்லுக் கிடங்கில் கல் உடைத்துக்கொண்டிருந்தான். வாரத்தில் பாதி நாள் அங்கே வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவள் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். பிள்ளைப்பேற்றுக்கு மில் உதவி கொடுக்கவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. சட்டம் வந்ததிலிருந்து மேஸ்திரி கருத்தக்கண்ணன் வயிறு தெரிகிற பெண்ணை முன்கூட்டியே நிறுத்திவிடுவான். அதனால் இவள் வயிற்றை மறைத்துக்கொண்டு நடமாடினாள். மில்லில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பக்கத்துப் பிரேமில் நின்ற ஜோசபின் ஒருத்தி. ஆவிக்குழாய்த் திருகைத் திறந்து மூடுகிற சேக் மைதீன் இன்னொருவர்.

ஹாலின் நடுத்தூணில் இரண்டு கண்ணாடிக் குழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். இரண்டிலும் வெள்ளிக் கம்பிபோல பாதரசம் ஏறி இறங்கும். ஒரு குழலின் அடியில் ஈரத் துணி சுற்றி, துணியின் வாலை ஒரு சின்னக் குப்பித் தண்ணீரில் விட்டிருந்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டிருந்ததால் பெண்கள் அதற்குக் 'காய்ச்சக்காரன்' என்று பெயர் வைத்தார்கள். மற்றது 'சும்மா நிக்கிறவன்'. தூணுக்குக் கீழே குடிதண்ணீர்ப் பானை. சாப்பிட்டுவிட்டு வந்து அங்கே தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தங்கப்பொண்ணு மிச்சத்தைக் காய்ச்சக்காரன் துணியில் ஊற்றுவாள். வேலைக்குச் சேர்ந்த கோடையிலிருந்து அவளுக்கு அது வழக்கம். பானைத் தண்ணீர் அப்படி ஒரு சில்லென்ற தண்ணீர். துணியை நனைப்பது சேக் மைதீனின் வேலை. அவரும் இவள் செய்கிறாளே என்று விட்டுவிட்டார்.

"ஒன் ரெண்டாம் புருஷனக் குளிப்பாட்டியாச்சா?" என்பாள் ஜோசபின்.

"மொதப் புருஷன் கல்லுக் கெடங்குல வேகுறான். இவனாவது குளுகுளுன்னு இருந்துட்டுப் போகட்டும்க்கா."

அவள் ஊற்றிவிட்டுப் பிரேமுக்குத் திரும்பவும் குமாஸ்தா வரவும் சரியாக இருக்கும். அவர் குனிந்து இரண்டு குழல்களையும் பார்த்து, கையிலிருந்த அட்டையில் எதையோ எழுதிக்கொண்டு போய்விடுவார். என்ன எழுதினார், எதற்கு எழுதினார் என்று யாரும் கேட்டதில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்குள் இருளாயி விழுந்துவிட்டாள். தையில் கலியாணமாகி மாசியில் வேலைக்குச் சேர்ந்த பெண். கதிரில் முகம் படாமல் பக்கவாட்டில் சாய்ந்தது புண்ணியம். நாலு பேர் வெளியே தூக்கிக்கொண்டு வந்து பூவரச மரத்தடியில் போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, தூக்குச்சட்டியிலிருந்த நீராகாரத்தைக் குடிக்க வைத்தார்கள். அவள் கண்ணைத் திறந்ததும், "எம் பிரேமை யாரு பாக்குறா?" என்றாள்.

"ம், ஒங்க ஆயா பாக்குறா. படுடி பேசாம" என்றாள் ஜோசபின்.

அதற்குள் சங்கு ஊதி எல்லாரும் சாப்பிட வந்துவிட்டார்கள். சேக் மைதீன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சிம்மக்கல்லிலிருந்து சைக்கிளில் வருகிறவர். இருளாயியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "போன வருஷம் சர்க்கார்லருந்து ஒரு இன்ஸ்பெக்டரு வந்தாரு. ரெண்டு கண்ணாடியையும் பாத்தாரு. கீழ ஒட்டியிருக்க காகிதத்தப் பாத்தாரு. 'மூடு'ன்னாரு. மூடுனேன். அன்னைக்கு ஒருத்தரும் விழுகல."

"அப்பறம்?"

"அவரு கார் ரோட்டுல ஏறுச்சு. ஸ்பின்னிங் மாஸ்டர் 'தொற'ன்னாரு. தொறந்தேன்."

தங்கப்பொண்ணு சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "அப்ப ஆவிய மூடச் சொல்லிக் காகிதத்துலயே எழுதிருக்கா மாமா?" அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் பாய்மார்களை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எனக்கென்ன தெரியும் தாயி. அம்புட்டும் இங்கிலீசு."

ஜோசபின் மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், இங்கிலீஷ் எழுத்தும் ஒன்றிரண்டு வார்த்தையும் தெரியும். மறுநாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் தூணடியில் நின்று காகிதத்தைப் பார்த்தாள். அடுத்த நாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பள்ளிக்கூடத்து ராகத்தில் ஒப்பித்தாள்: "எழுவத்தஞ்சு, எழுவத்தாறு, எழுவத்தேழு..." இடது பக்கம் முழுக்கச் சொல்லி முடித்து, வலது பக்கத்தையும் மேலிருந்து கீழே சொல்லி முடித்தாள்.

"இது என்ன வாய்ப்பாடுன்னே தெரியலடி. கூட்டிப் பாத்தாலும் வரல, பெருக்கிப் பாத்தாலும் வரல."

சேக் மைதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படி வாசிச்சா எப்படித் தாயி வரும்? எங்க பள்ளிவாசல் கதவுல நோன்புக்குப் பலகை தொங்கும். இடது பக்கம் எத்தனாம் பிறைன்னு இருக்கும். வலது பக்கம் அன்னைக்கு நோன்பு தொறக்குற நேரம். முப்பது பிறையையும் மேலருந்து கீழ வாசிச்சுக்கிட்டு நின்னா வயிறு சும்மா இருக்குமா? இன்னைக்கு என்ன பிறைன்னு பாக்கணும், அதுமேல வெரல வைக்கணும், அப்படியே குறுக்கால போகணும். அங்க இருக்கதுதேன் ஒனக்கு. மத்தது அம்புட்டும் மத்த நாளைக்கு."

தங்கப்பொண்ணுதான் கேட்டாள். "அப்ப இந்தக் காகிதத்துல பிறை எது மாமா?"

"அது எனக்குத் தெரியாதே."

"தலைப்புல ஒரு பக்கம் 'காஞ்சது'ன்னு போட்டுருக்கு" என்றாள் ஜோசபின். "இன்னொரு பக்கம் 'ஈரம்'னு."

"காஞ்சதுன்னா சும்மா நிக்கிறவன். ஈரம்னா நம்ம காய்ச்சக்காரன்" என்றாள் தங்கப்பொண்ணு.

காகிதத்தின் தலையிலிருந்த வரியை ஜோசபின் எழுத்து எழுத்தாக மனப்பாடம் பண்ணிக்கொண்டுபோய்த் தன் புருஷன் தனிஸ்லாஸிடம் கேட்டாள். அவன் ரயில்வேயில் கூட்ஸ் வண்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவன், நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும். சும்மா நிற்கிறவன் எந்த எண்ணில் நிற்கிறானோ அந்த எண்ணுக்கு நேரே வலது பக்கம் ஓர் எண் இருக்கும். காய்ச்சக்காரன் அதைத் தாண்டிவிட்டால் ஆவியை மூடவேண்டும். அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் பானைக்கு மேலேயே ஒட்டியிருந்திருக்கிறது.

அன்றிலிருந்து மரத்தடியில் பாடம்தான். ஜோசபின் புழுதியில் எண்களை எழுதுவாள், தங்கப்பொண்ணு விரலால் அதன்மேலேயே எழுதிப் பழகுவாள். ஆறுக்கும் ஒன்பதுக்கும் அவளுக்கு ரொம்ப நாள் சண்டை. கண்ணாடிக் குழலில் நீளக்கோடு என்றால் பத்து, குட்டைக்கோடு என்றால் ஒன்று என்று பிடிபட்டதும் வேகமெடுத்துவிட்டாள். ஊருக்குப் போய் முத்திருளனிடம் நூறு வரைக்கும் எண்ணிக்காட்டினாள். "மில்லுக்கு அனுப்புனா நீ பள்ளிக்கூடத்துக்கா போற?" என்று அவன் கேட்டான். சந்தோஷமாகத்தான் கேட்டான்.

அவர்களுக்கெல்லாம் சந்தேகம் குமாஸ்தாமேல்தான். மனுஷன் பொய்யாக எழுதுகிறார் போல, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஜோசபின் கறுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிரேம் தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. குமாஸ்தா நகர்ந்ததும் எட்டிப் பார்த்து இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்வாள், காகிதத்தில் தாண்டக்கூடாத எண் எதுவென்று பார்த்துக்கொள்வாள்.

தனிஸ்லாஸ் ஒரு தடவை விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். "கட்டில் கால்மாட்டுல ஒரு அட்டை தொங்கும்டி. தெனம் காய்ச்சல் எம்புட்டுன்னு ஒரு புள்ளி வைப்பாக. புள்ளிக்குப் புள்ளி கோடு இழுப்பாக. கோடு ஏறுனா நான் அழுவேன், எறங்குனா காப்பி குடிக்கப் போவேன்" என்று ஜோசபின் சொன்னாள். "நம்ம காய்ச்சக்காரனுக்கும் ஒண்ணு போடுவமா?"

பூவரச மரத்தை ஒட்டியிருந்த சாப்பாட்டுக் கொட்டகையின் பின்சுவரில் போட்டார்கள். தாண்டக்கூடாத எண்ணுக்குச் செங்கல் துண்டால் ஒரு சிவப்புப் புள்ளி. காய்ச்சக்காரன் நிற்கிற எண்ணுக்குக் கரியால் ஒரு கறுப்புப் புள்ளி. மறுநாள் அதற்குப் பக்கத்தில் இரண்டு. ஒரு எண்ணுக்கு ஒரு விரல் உயரம் என்று ஜோசபின் கணக்கு வைத்தாள். நாளாக நாளாகச் சுவரில் இரண்டு கோடுகள் ஓட ஆரம்பித்தன. மேலே சிவப்பு, கீழே கறுப்பு.

அந்தக் கோடைதான் செவப்பு மில் பெண்களுக்கு மறக்காத கோடை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்க ஓடிவருவார்கள். "நேத்து எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டே இருளாயி முந்திக்கொண்டு நிற்பாள். எண் தெரியாதவர்களுக்கும் கோடு தெரிந்தது. ஒருத்தி மலை என்பாள், ஒருத்தி வரப்பு என்பாள். ஒருவர் கூடையிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்றுகொண்டு, பூவரசம்பூ தலையில் விழ, ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தைப் பிற்பாடு அவர்கள் நினைத்து நினைத்து ஏங்கினார்கள்.

ஆனால் கறுப்புக் கோடு சிவப்பைத் தொடவே இல்லை. எப்போதும் ஒரு விரல், ஒன்றரை விரல் கீழேதான் ஓடியது.

"குமாஸ்தா பொய் எழுதலடி" என்றாள் ஜோசபின். அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "கண்ணாடியே அப்படித்தேன் சொல்லுது."

"நமக்கு மூச்சு முட்டுது, அதுக்கு முட்டலையா?" என்று கேட்டாள் இருளாயி.

சித்திரை கடைசியில் ஒரு நாள் தங்கப்பொண்ணுக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. புடவையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் காலை உயர வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முத்திருளன் வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்து எழுந்து வந்து பார்த்தான். பொழுது சாய்கிறபோது வலி நின்றது. உள்ளே பிள்ளை ஒரு தடவை புரண்டு கொடுத்தது. அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் அவள் மரத்தடிக்கு வந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "நேத்துப் பாத்து வராமப் போயிட்டயே. எங்களுக்கு நேத்துக் கொடைக்கானல்டி. குமாஸ்தா கண்ணாடியப் பாத்தாரு, காகிதத்தப் பாத்தாரு, மறுபடியும் கண்ணாடியப் பாத்தாரு. பாயக் கூப்புட்டு மூடச் சொல்லிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் ஆவி இல்ல."

ஜோசபின் சுவரில் முந்தின நாள் புள்ளிகளை வைத்தாள். கறுப்பு, சிவப்பைத் தாண்டி இரண்டு விரல் மேலே ஏறி நின்றது.

தங்கப்பொண்ணு சுவருக்குப் பக்கத்தில் போனாள். முதல் புள்ளியில் விரலை வைத்துக் கோட்டோடு நடந்து வந்தாள். எல்லாம் ஒரே மாதிரி. கடைசியில் மட்டும் செங்குத்து.

"நேத்து என்னக்கா புதுசா நடந்துச்சு? வெயிலு கூடவா?"

"அதே வெயிலுதேன். அதே பஞ்சு, அதே ஆவி. நீதேன் வரல."

தங்கப்பொண்ணு விரலை எடுக்கவில்லை. "காய்ச்சக்காரனுக்கு நேத்து யாரு தண்ணி ஊத்துனா?"

"யாரு ஊத்துவா? ஒன் புருஷன நாங்க எதுக்குக் குளிப்பாட்டணும்?" என்று ஜோசபின் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். சங்கு ஊத நேரமிருந்தது, ஹாலில் ஆளில்லை. காய்ச்சக்காரன் எண்பத்தாறில் நின்றான். ஜோசபின் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு துணியில் ஊற்றினாள். ரசம் சரசரவென்று இறங்கியது. தாண்டக்கூடாத எண்ணுக்குக் கீழே போய் நின்றது. நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற வைத்தியர் வரும் நேரமாகப் பார்த்து நோயாளியைத் தண்ணீரில் முக்கி எடுத்த கதைதான். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறிவிடும், ஆனால் அதற்குள் குமாஸ்தா எழுதிக்கொண்டு போயிருப்பார்.

அன்று ரசம் பழையபடி ஏறிவிட்டது, தங்கப்பொண்ணு ஊற்றவில்லை. குமாஸ்தா வந்தார், பார்த்தார், மூடச் சொன்னார்.

சாயங்காலம் ஜோசபினோடும் சேக் மைதீனோடும் ரோட்டுக்கு வந்த தங்கப்பொண்ணு புளியமரத்தடியில் நின்றுவிட்டாள். "ரெண்டு புள்ளையையும் நாந்தேன்க்கா கொன்னுருக்கேன். ஏங் கையாலயே ஊத்தி ஊத்தி."

"வாயக் கழுவுடி" என்றாள் ஜோசபின். "காய்ஞ்ச துணின்னு தண்ணி ஊத்துன. ஆவியத் தொறந்தது நீயா?"

சேக் மைதீன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தொறந்தது நான் தாயி" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவளோடு திருப்பரங்குன்றம் போகிற பாதை பிரிகிற இடம் வரைக்கும் நடந்துவந்தார். அது அவர் போகிற வழியே இல்லை.

வைகாசி நல்லபடியாகப் போனது. மத்தியானமானால் ஆவி நின்றுவிடும். அறுந்த நூலை ஒட்டி மாளவில்லை. இருளாயி முணுமுணுத்தாள், ஆனால் விழவில்லை. தங்கப்பொண்ணின் பிரேமில் அறுந்ததைப் பாதி ஜோசபினே எட்டிப் பிடித்து ஒட்டிவிடுவாள். ஐந்தாம் மாதம் கழிந்தது. இதற்கு முன் ஒன்றும் அவளிடம் அவ்வளவு நாள் தங்கியதில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு தூங்கப் பழகினாள். பிள்ளைக்குப் பேர்கூட யோசித்தாள், முத்திருளனிடம் சொல்லவில்லை.

நூல் குறைந்ததை ஆபீஸில் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. நூற்பு வேலைக்கெல்லாம் அதிகாரியான ஸ்பின்னிங் மாஸ்டரே இறங்கி வந்தார். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகத் தூணடியில் நின்று, "இந்த வருஷம் மட்டும் இது ஏன் இப்படி ஏறுது? போன வருஷமும் இதே வெயில்தானே?" என்று கேட்டார்.

கருத்தக்கண்ணன் தலையைச் சொறிந்தான். அவனுக்கு உள்ளே ஒன்றும் கள்ளமில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். "அது ஒண்ணுமில்லீங்க. முன்னாடி இந்தப் புள்ள தங்கப்பொண்ணு துணிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப நிப்பாட்டிருச்சுங்க."

மாஸ்டர் பானையைப் பார்த்தார். செம்பை வாங்கி அவரே ஊற்றினார். ரசம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி ஏறுகிற வரைக்கும் நின்றார். பிறகு தங்கப்பொண்ணைக் கூப்பிட்டார்.

அவள் முந்தானையை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

கருத்தக்கண்ணன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. "ஆறுங்க" என்றாள். பிரேம்களுக்கு நடுவில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

"இந்த நிலைமையில நின்னு வேலை பார்க்கக்கூடாது" என்றார் மாஸ்டர். "மேஸ்திரி, இங்க ஒரு ஸ்டூல் போடு. இவ உட்காரட்டும். பிரேமுக்கு வேற ஆள் போட்டுக்கலாம். கூலி அதேதான். பிள்ளை பெத்துக்கப் போற வரைக்கும் இருக்கட்டும். துணி காயாம பார்த்துக்கணும், குமாஸ்தா வர்றப்போ நல்ல குளிர்ந்த தண்ணியா ஊத்தணும். வேற ஒண்ணும் செய்யவேண்டாம்."

அவர் போனதும், "தங்கமான மனுசன்" என்று ஒருத்தி சொன்னாள். இருளாயி கையெடுத்துக் கும்பிட்டாள். கருத்தக்கண்ணன், தானே வாங்கிக் கொடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்டூல் தேடப் போனான்.

மரத்தடியில் தங்கப்பொண்ணு தூக்குச்சட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "மாட்டேன்னு சொல்லிரவாக்கா?"

ஜோசபின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "சொல்லிட்டு எங்க போவ?"

"ஊத்தாம இருந்துட்டா?"

"ஊத்துறதுக்கு வேற ஆளு கெடைக்காதா? நாளைக்கே ஒருத்தி வந்து ஸ்டூல்ல உக்காருவா. நீ வெளிய நிப்ப." ஜோசபின் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சு கறாராக வந்தது. "ஊத்துடி. ஒண்ணாவது நெலைக்கட்டும். நாங்க நிப்போம்."

சேக் மைதீன் ரொட்டியைக் காகத்துக்குப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தூணடிக்குப் புதுப் பானை வந்தது. ஈர மணல் பரப்பி அதன்மேல் வைத்திருந்தார்கள். குடிக்கிற பானையைக் கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். ஸ்டூல் கதவுப் பக்கமாகப் பார்த்திருந்தது. வெளிக்காற்று கொஞ்சம் வந்தது. தங்கப்பொண்ணு உட்கார்ந்து காலை நீட்டினாள். இத்தனை வருஷத்தில் அந்த ஹாலுக்குள் அவள் உட்கார்ந்ததே கிடையாது. குதிகாலிலிருந்து வலி இறங்கிப் போகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவிக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சங்கு ஊதி எல்லாரும் பிரேமுக்குத் திரும்பினார்கள். காலையிலிருந்து திறந்த ஆவி நிற்கவே இல்லை. குமாஸ்தா வந்தார். குனிந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மாட்டிய மாத்திரத்தில் ஆவி படிந்து அது மங்கியது.

"ஒரு எழவும் தெரியல. ஒனக்கு எண்ணு தெரியும்ல? எவ்வளவு நிக்குது, சொல்லு."

"எம்பத்தாறுங்க."

"சும்மா இருக்கதுல?"

"தொண்ணூத்தஞ்சு." அவள் காகிதத்தில் தொண்ணூற்றைந்தில் விரலை வைத்து, குறுக்கே போனாள். தாண்டக்கூடாதது எண்பத்து நாலு. விரல் அங்கேயே நின்றது.

"அப்ப ஊத்து" என்றார் குமாஸ்தா. கோபமாகச் சொல்லவில்லை, அட்டையைத் தொடையில் வைத்து வாகாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் மொண்டு ஊற்றினாள். ரசம் இறங்கியது.

"எம்பத்தஞ்சு."

"இன்னுங் கொஞ்சம்."

மணலில் இருந்த பானைத் தண்ணீர் கையை உறைய வைத்தது. அவள் இரண்டாம் செம்பை ஊற்றும்போது வயிற்றுக்குள் பிள்ளை பலமாக உதைத்தது. ஒரு கையால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, குழலையே பார்த்தாள். ஒவ்வொரு குட்டைக்கோடாக அவளுக்குத் தெரிந்தது.

"எம்பத்தி மூணுங்க. எழுதிக்கிருங்க."

குமாஸ்தா எழுதிக்கொண்டு, கோடியில் நின்ற சேக் மைதீனைப் பார்த்துக் கையை அசைத்தார். அவர் இவள் பக்கம் திரும்பாமல் திருகை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டார். ஆவி மேலிருந்து இறங்கியது. எதிர்ச் சந்தில் நின்றவர்களின் தலை முதலில் மறைந்தது, பிறகு தோள். நூலை ஒட்டுகிற கைகள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டிருந்தன.